ஒரே ஒரு மாத்திரை, 7 லிட்டர் தண்ணீர்... 18 வயது லியாவின் உயிரைப் பறித்தது எது?

1995, நவம்பர் 11. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. 18 வயதை எட்டியிருந்த லியா பெட்ஸ், அன்று ஓர் எக்ஸ்டஸி மாத்திரையை விழுங்கினார். சில மணி நேரத்தில் சுருண்டு விழுந்து கோமாவுக்குப் போனார். ஐந்தே நாளில், நவம்பர் 16 அன்று இறந்துபோனார். அவருடைய அப்பா முன்னாள் போலீஸ்காரர்.

மாத்திரையில் ஏதோ கலப்படம் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. ஆனால், விசாரணையில் தெரியவந்தது வேறு. மாத்திரை போட்ட பிறகு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 7 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார் லியா. எக்ஸ்டஸி உடல் சூட்டை ஏற்றும், அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அப்போது இளைஞர்களிடையே பரவியிருந்த அறிவுரை. மாத்திரை மட்டும் என்றால் லியா பிழைத்திருக்கலாம். தண்ணீர் மட்டும் என்றால் பிழைத்திருப்பார் என்றார் விசாரணையில் பேசிய நச்சியல் நிபுணர்.

மூளைக்குள் என்ன நடந்தது?

எக்ஸ்டஸியில் இருப்பது எம்.டி.எம்.ஏ என்ற ஊக்கப் போதைப்பொருள். 'தண்ணீரை வெளியே விடாதே' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வாசோபிரஸின் ஹார்மோனை இது அதிகமாகச் சுரக்கவைக்கும். குடித்த தண்ணீர் சிறுநீராகப் போகாமல் உடலிலேயே தங்கிவிடும். ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் வேகமாகக் குறையும். உடனே மூளை செல்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கும்.

கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. வீங்கிய மூளை தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் அழுந்தும். இந்த ஆபத்து பெண்களுக்கு அதிகம்.

'தூங்கட்டும், சரியாயிடும்' என்று விடாதீர்கள்!

தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம். இவைதான் அறிகுறிகள். பார்ப்பவர்களுக்கு வெறும் போதை மயக்கம் போலத்தான் தெரியும். அங்கேதான் நேரம் கைநழுவுகிறது.

* உடனே 108-ஐ அழையுங்கள்.
* மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீரோ வேறு எதுவுமோ ஊற்ற வேண்டாம்.
* என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசி விஷயம்தான் மிக முக்கியம். சோடியம் குறைந்திருப்பது தெரிந்தால், செறிவான உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றி மூளை வீக்கத்தைக் குறைக்க டாக்டர்களால் முடியும். வீட்டில் திட்டுவார்களே, போலீஸ் வருமே என்று நண்பர்கள் மூடி மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

பெற்றோருக்கு ஒன்று: 'என்ன நடந்தாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு, திட்டமாட்டேன்' என்று பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

போதைப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.