உறைபனிக்குத் தேதி உண்டா?

“செல்போனில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி என்றுதான் காட்டியது. காலையில் பார்த்தால் உருளைக்கிழங்கு இலையெல்லாம் கருகிக் கிடக்கிறது. வெளிநாட்டில் முதல் உறைபனித் தேதி, கடைசி உறைபனித் தேதி பார்த்து விதைக்கிறார்களாமே, எங்கள் பக்கம் அப்படித் தேதி உண்டா?” என்று நீலகிரியின் கேத்தியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தேதி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி பீன்ஸ் ஊன்ற வேண்டாம். அமெரிக்காவில் இந்தத் தேதிகளை 30 ஆண்டு வானிலைப் பதிவுகளிலிருந்து கணக்கிடுகிறார்கள். தோட்டக் கையேடுகளிலும் செயலிகளிலும் வருவது பெரும்பாலும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நாள். கடைசி உறைபனித் தேதி என்று போட்ட நாள் கடந்த பிறகும் இரண்டில் ஓர் ஆண்டு உறைபனி வரும். அங்கேயாவது குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்குவதால் குளிர் ஓர் ஒழுங்கில் வருகிறது. நீலகிரி இருப்பதோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில். இங்கே உறைபனியைத் தள்ளிப்போடுவது வடகிழக்குப் பருவமழையின் மேகம். டிசம்பரில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி மேகம் சூழ்ந்தால் பனி தாமதமாகும். நவம்பரில் சில நாள் வானம் வெளுத்தால் முந்திக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊருக்கு ஒற்றைத் தேதி சொல்லும் செயலி, வெறும் சராசரியைத் துல்லியம் என்று விற்கிறது.

மேகம் எப்படிக் காப்பாற்றுகிறது? எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இதுதான். இலையை ஒரு குடும்பமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில்தான் சம்பளம். இரவில் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது: 0 டிகிரியை ஒட்டிய இலை, சதுர மீட்டருக்கு 300 வாட் அளவுக்கு அகச்சிவப்புக் கதிரை வானத்துக்கு வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். அடர்ந்த மேகம் இருந்தால் ஏறக்குறைய முழுவதையும் திருப்பித் தந்துவிடும். வானம் தெளிந்து காற்றும் காய்ந்திருந்தால் 60 முதல் 100 வாட் வரை துண்டு விழும். அதை யார் அடைப்பது? பகலில் மண்ணில் சேர்ந்த வெப்பம் சேமிப்பு. ஈரமண் கேட்டதும் எடுத்துத் தரும். காய்ந்து பொலபொலத்த மண், வைப்புநிதியில் பூட்டிய பணம். தடிமனான சருகு மூடாக்கும் அதே பூட்டுதான். காற்று வீசினால் மேலேயுள்ள சற்று வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து பக்கத்து வீட்டுக் கைமாற்றாக வரும். நீர்ப்பனி படிந்தால் சீட்டு விழுந்த மாதிரி: ஒரு கிராம் நீராவி நீராகும்போது சுமார் 600 கலோரி இலைக்குக் கிடைக்கும். மேகமும் காற்றும் ஈரமும் கைவிட்ட இரவில் குடும்பம் திவாலாகிறது. இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது.

செல்போனின் 4 டிகிரிக்கு வருவோம். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில், மரப்பெட்டிக்குள், வானத்தைப் பார்க்காமல் இருக்கிறது. தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிட 3 முதல் 5 டிகிரி குறைவது சகஜம். செல்போன் காட்டும் எண்ணோ பல கிலோமீட்டர் பரப்புக்குக் கணினி போட்ட மதிப்பீடு.

தெளிந்த இரவில் இலை காற்றைவிடக் குளிர்வதை 1814-லேயே வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளி பற்றிய நூலில் விளக்கிவிட்டார். அதற்கும் முன்பே அலகாபாத்தில், குழியில் கரும்புத் தட்டை பரப்பி, அதன்மேல் வைத்த ஆழமற்ற மண்தட்டுகளில் இரவோடிரவாகப் பனிக்கட்டி எடுத்தார்கள் என்று ராபர்ட் பார்க்கர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வரலாறு இவ்வளவு போதும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில், சற்று மேலே சரிவிலுள்ள தேயிலை பச்சையாகவே நிற்கலாம். அதனால் ஊர்த் தேதியை உங்கள் பாத்திக்குத் தக்கபடி திருத்தியாக வேண்டும். குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் வெப்பமானி ஒன்றைப் பாத்தி நடுவே, இலை உயரத்தில், திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் அளவையும் ஊட்டி வானிலை நிலைய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தெளிந்த இரவுகளில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது இரண்டு மூன்று பனிக்காலத்தில் பிடிபடும். அந்த வித்தியாசத்தை நிலையத்தின் பழைய பதிவுகளில் கழித்தால், உங்கள் பாத்திக்கான முதல் உறைபனித் தேதிகள் பல ஆண்டுகளுக்கு வந்துவிடும். அவற்றில் சராசரியை விட்டுவிட்டு, மிக முந்தியதை எடுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஊன்றி இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வரும் பீன்ஸைச் சரிவின் மேற்புறத்தில் வையுங்கள். பீன்ஸ், தக்காளி, உருளை இலைகளுக்கு உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலே ஆபத்து. பள்ளத்துப் பாத்திகளைக் கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் விடலாம். குளிருக்குப் பழகிய இவை திசுக்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும்.

பாதுகாப்பு என்ற பெயரில் குப்பையைக் கொளுத்திப் புகை மூட்ட வேண்டாம்; புகைத்துகள் அகச்சிவப்பைத் தடுக்க முடியாத அளவுக்குச் சிறியது. இளம் தேயிலையின் மேல் தாகைச் செடிகளைப் போட்டு மூடுகிறார்களே, அது சரியான வேலை: வானத்துக்குப் போகும் செலவை அது தடுக்கிறது. தெளிப்பானும் உதவும், ஏனென்றால் ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெளிவரும். ஆனால் ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் 600 கலோரியை எடுத்துப் போய்விடும் என்பதால், பனிக்கட்டி உருகும்வரை மோட்டாரை நிறுத்தக் கூடாது. அதுவரை மின்சாரம் இருக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் தெளிப்பானைத் தொடாதீர்கள்; முந்தைய நாள் மதியமே மண்ணை நன்றாக நனைத்து, இருட்டுவதற்குள் செடிகளை மூடிவிடுங்கள்.