மலைநாட்டு மொழியில் ஒரு வீடு

ருஷ்ய தேசத்தின் தெற்கே, 5,642 மீட்டர் உயர்ந்து நிற்கிறது எல்புரூஸ் சிகரம். அதன் மேற்கே கராச்சாயரும் கிழக்கே பால்காரரும் வாழ்கின்றனர். ஜனங்கள் இருசாரார், பாஷை ஒன்றே. அது துருக்கிய இனத்தைச் சேர்ந்தது. 1930-இல் உமர் அலியேவ் என்பவர் அதற்கு ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார்.

இலக்கணம் என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! ஒரே ஒரு சொல்லைப் பார்ப்போம். 'உய்' என்றால் வீடு. (நம்முடைய 'உய்வு' நினைவுக்கு வரலாம், ஒலி ஒற்றுமையன்றி வேறு உறவில்லை.) 'உயும்' என்றால் என் வீடு, 'உயுங்', உன் வீடு, 'உயுபுஸ்', எங்கள் வீடு. வெறும் 'உயு' என்றால் அவன் வீடு. அவள் வீடும் அதுவே, அம்மொழியில் ஆண்பால் பெண்பால் பேதமில்லை. நம் முன்னோரும் 'எந்தை', 'நுந்தை' என்று உடையவரைச் சொல்லோடு ஒட்டிப் பேசினார்கள் அல்லவா? நாம் முன்னே ஒட்டியதை அவர்கள் பின்னே ஒட்டுகிறார்கள். வேற்றுமையுருபு அதற்கும் அப்பால் வரும்: 'உயும்தே', என் வீட்டில், 'உயும்தென்', என் வீட்டிலிருந்து.

ஒரு விசித்திரமும் உண்டு. நம் 'ஐ' உருபுக்கும் 'உடைய' என்பதற்கும் அவர்களிடம் உருபு ஒன்றே: 'னி'. 'அத்' என்பது குதிரை. 'அத்னி கோர்தும்' என்றால் குதிரையைக் கண்டேன். 'அத்னி பஷி' என்றால் குதிரையின் தலை. குழப்பம் நேராதோ? நேராது. 'பஷ்' என்னும் தலை, 'அதனுடையது' என்று காட்டும் இகரத்தை ஏற்றுப் 'பஷி' ஆகிவிடுகிறது. உடையவனும் உடைமையும் இரண்டுமே அடையாளம் தாங்கி நிற்கும். ஒன்றை ஒன்று விடுவதில்லை.

வீட்டை விட்டு மனிதர்களைத்தான் பிரித்தார்கள். ஜெர்மானியருக்கு உதவினார்கள் என்று பழி சுமத்தி, 1943 நவம்பர் 2-ஆம் தேதி சுமார் 69,000 கராச்சாயரையும், 1944 மார்ச் 8-ஆம் தேதி 37,000-க்கு மேற்பட்ட பால்காரரையும், குழந்தை கிழவர் என்று பாராமல், ஸ்டாலின் அரசாங்கம் சரக்கு வண்டிகளில் ஏற்றிக் கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ் நாட்டுக்கும் அனுப்பிற்று. வழியிலும் பாலையிலும் மாண்டவர் பலர். அங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் ருஷ்ய மொழி; 'உயுபுஸ்' என்னும் சொல்லைத் தாய்மார் வாயிலாகவே அவர்கள் கற்றார்கள்.

1957-இல் திரும்பிவர அனுமதி கிடைத்தது. 'உயுபுஸ்கே', எங்கள் வீட்டுக்கு, என்று புறப்பட்டார்கள். ஆனால் பால்காரரின் உயர்மலைக் கிராமங்கள் பலவற்றில் மறுபடியும் குடியேற வழியில்லாமற் போயிற்று. கீழேயுள்ள ஊர்களிலேயே புதிதாக வீடு கட்டிக்கொண்டார்கள்.