சுழலும் டிஷ்ஷுக்குத் தூக்குக்குண்டே குரு

தமிழ்நாட்டில் எந்த ஊர் மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் டிஷ் ஆண்டெனாக்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் ஒரே செயற்கைக்கோளைப் பார்த்தபடி முறுக்கி நிறுத்தப்பட்டு, அப்படியே துருவேறிக்கொண்டிருக்கும். ஆனால் நம் தலைக்கு மேலே ஒரு வரிசையே நிற்கிறது. 66 டிகிரி கிழக்கில் இன்டெல்சாட் 17, 68.5-இல் இன்டெல்சாட் 20, 83-இல் ஜிசாட் 30, 93.5-இல் டிடி ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட் 15, 105.5-இல் ஏசியாசாட் 7. டிஷ்ஷுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தினால், ரிமோட்டை அழுத்தியதும் டிஷ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்.

இதில் இறங்குகிறவர்கள் பலர் பாதியில் சலித்துப் போகிறார்கள். ஒரு செயற்கைக்கோள் கிடைக்கும், அடுத்தது கிடைக்காது. மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் மோட்டார்மேல் குற்றமில்லை. புழக்கத்தில் இருக்கும் வழிகாட்டிகள் ஐரோப்பிய வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வானத்தின் வடிவம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் இந்த வேலை ஒரு பகலில் முடியும்.

கிளார்க் கண்ட வளையம்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளை வலம் வரவிட்டால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும். கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். இந்த உயரத்திலிருந்து உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். பின்னாளில் இலங்கையில் குடியேறிய அவருடைய கொழும்பு வீட்டில், 1975-இல் இந்தியாவின் 'சைட்' கல்வி ஒளிபரப்புச் சோதனையின்போது இஸ்ரோ ஓர் ஆண்டெனாவை நிறுவிக் கொடுத்தது. தான் கணித்த பாதையிலிருந்து வரும் படத்தை அவர் தன் வீட்டிலேயே பார்த்தார்.

அந்த வளையம் நமக்கு ஒரு வில்லாகத் தெரிகிறது: கிழக்கே எழுந்து, தெற்கே உச்சிக்குப் போய், மேற்கே இறங்கும். லண்டனில் அந்த வில் தாழ்ந்து கிடக்கும். சென்னையிலோ நேர் தெற்கே அதன் உயரம் 74 டிகிரிக்கும் மேல்; கன்னியாகுமரியில் 80 டிகிரி. ஏறத்தாழ உச்சந்தலை. அதனால் பக்கத்து அடுக்குமாடியோ தூரத்துத் தென்னையோ நமக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை.

இந்த உயரத்தால் ஒரு விந்தையும் நடக்கிறது. சென்னையிலிருந்து 68.5 டிகிரி செயற்கைக்கோள் தென்மேற்கே இருக்கிறது, 93.5 டிகிரி செயற்கைக்கோள் தென்கிழக்கே இருக்கிறது. திசைகாட்டியில் இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 89 டிகிரி. மோட்டார் சுழல வேண்டியதோ 29 டிகிரிதான். காரணம், மோட்டாரின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். சென்னையில் அந்த அச்சு கிடைமட்டத்திலிருந்து வெறும் 13 டிகிரி எழும்பியிருக்கும்; கிட்டத்தட்டப் படுத்த நிலை. ஆகவே நம் ஊர் டிஷ் ஊஞ்சல்போல மேற்குக்கும் கிழக்குக்குமாகச் சாய்ந்தாடுகிறது. அப்படிச் சாயும்போது, டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யும் தேவையான அளவு திரும்பிவிடுவதால், ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் அதைத் தனியாக முறுக்க வேண்டியதில்லை.

கம்பம் செங்குத்தா?

90 சென்டிமீட்டர் கே.யு. பேண்ட் டிஷ்ஷின் பார்வை சுமார் 2 டிகிரி அகலம்தான். 1 டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகும். அந்த 1 டிகிரி, செயற்கைக்கோள் நிற்கும் உயரத்தில் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம்.

அதனால் முதல் வேலை கம்பம். தடிமனான ஜி.ஐ. குழாயாக இருக்கட்டும். தளத்துத் தட்டோட்டைத் துளைத்தால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் ஒழுகும். கைப்பிடிச்சுவர்த் தூணிலோ தனியாக வார்த்த கான்கிரீட் கட்டையிலோ பொருத்துங்கள். புயல் காற்று டிஷ்ஷைப் பாயாகப் பிடித்து இழுக்கும் என்பதை மனத்தில் வைத்துப் போல்ட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். கம்பத்துக்கு எர்த் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு வடக்கு, கிழக்கு என இரு பக்கமும் பாருங்கள். ரசமட்டம் இருந்தால் அதையும் வையுங்கள். இங்கே விடும் 1 டிகிரி, டிஷ்ஷில் அப்படியே 1 டிகிரிப் பிழையாக வரும். ஆனால் கம்பத்தில் மோட்டாரை 4 டிகிரி திருப்பி வைத்துவிட்டாலும், தெற்கு உச்சியில் டிஷ்ஷின் பார்வை 1 டிகிரிதான் விலகும். ஐரோப்பிய வழிகாட்டிகள் திசைகாட்டிக்குத் தரும் முதலிடத்தை நாம் தூக்குக்குண்டுக்குத் தர வேண்டியது இதனால்தான்.

அடுத்து இரண்டு கோணங்கள். மோட்டாரின் அட்சரேகை அளவை உங்கள் ஊருக்கு வையுங்கள்: சென்னை 13.1, கோவை 11, மதுரை 9.9, கன்னியாகுமரி 8.1. பிறகு டிஷ்ஷின் ஏற்றக் கோணம். மோட்டார்க் குழாயின் வளைவு எத்தனை டிகிரி என்று அதன் கையேட்டில் இருக்கும். அதிலிருந்து சென்னைக்காரர்கள் 2.3, மதுரைக்காரர்கள் 1.7, கன்னியாகுமரிக்காரர்கள் 1.4 கழிக்க வேண்டும். 30 டிகிரி வளைவு என்றால் சென்னையில் டிஷ் அளவுகோல் 27.7.

கேபிள் எளிது. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிள் மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து இன்னொன்று எல்.என்.பி.க்கு. மோட்டாருக்கான மின்சாரமும் கட்டளையும் அதே கேபிளில்தான் போகின்றன. யூடெல்சாட் நிறுவனம் உருவாக்கிய டைசெக் முறை இது. இணைக்கும்போது பாக்ஸை அணைத்துவிடுங்கள். பாக்ஸில் யூசால்ஸ் வசதி இருந்தால், உங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் போதும். எந்தச் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு சுழல வேண்டும் என்று அதுவே கணக்கிடும். சி பேண்ட் சேனல்களுக்கு 6 அடி, 8 அடி டிஷ்ஷும் அதைத் தள்ள ஆக்சுவேட்டரும் வேண்டும். அமைக்கும் தத்துவம் இதேதான்.

ஓரங்களில்தான் உண்மை

முதலில் 83 டிகிரிக்குப் போங்கள். அது நம் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் உச்சியை அங்கே சரிபார்க்கலாம். குவாலிட்டி அளவு நன்றாக ஏறும்வரை டிஷ்ஷின் ஏற்றக் கோணத்தை மெல்ல மாற்றுங்கள். பிறகு கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என உங்களுக்குக் கிடைப்பவற்றில் தொலைவானதைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் மறைந்து கிடக்கும் திசைப் பிழை ஓரங்களில்தான் வெளிப்படும்.

அங்கே டிஷ்ஷின் விளிம்பை விரலால் லேசாக வடக்கே தள்ளிப் பாருங்கள், பிறகு தெற்கே. கிழக்கு ஓரத்தில் தெற்கே தள்ளும்போதும் மேற்கு ஓரத்தில் வடக்கே தள்ளும்போதும் சிக்னல் ஏறினால், மோட்டாரை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சிறிது திருப்ப வேண்டும். நேர்மாறாக இருந்தால் இடஞ்சுழி. உச்சியிலும் இரு ஓரத்திலும் ஒரே பக்கம் தள்ளினால் ஏறுகிறதா? அப்படியென்றால் மாற்ற வேண்டியது ஏற்றக் கோணத்தை. உச்சி சரியாக இருந்து, இரு ஓரமும் ஒரே பக்கமாக விலகினால் அட்சரேகை அளவைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் தொடுங்கள். இரண்டை ஒன்றாகத் தளர்த்தினால் எது பிழை என்றே தெரியாமல் போகும்.

சூரியன் காட்டும் பாதை

எந்தக் கருவியும் இல்லாமல் இந்த வில்லைக் கண்ணால் அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 14, 15-ஐ ஒட்டியும் செப்டம்பர் 28, 29-ஐ ஒட்டியும், சென்னையில் பார்க்கும்போது சூரியன் ஏறத்தாழ அந்தச் செயற்கைக்கோள் வில்லின் மீதே காலை முதல் மாலை வரை நடக்கிறது. அப்போது சூரியன் ஒவ்வொரு செயற்கைக்கோளின் பின்னாலும் கடக்கையில் சில நிமிடம் சிக்னல் சரியும். அது கோளாறு இல்லை. டிஷ் சரியான இடத்தைப் பார்க்கிறது என்பதற்கான சான்று.

டிஷ் வாங்கும் முன்பே அந்த நாள்களில் ஒன்றை ஒதுக்குங்கள். கம்பம் நட நினைக்கும் இடத்தில் எந்த நேரத்தில் எந்தச் சுவரின், எந்த மரத்தின் நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே சுவரும் மரமும்தான் வில்லின் அந்தப் பகுதியை மறைக்கும். மார்ச் நடுவில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.18 மணிக்கு. அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டுக் கயிற்றின் நிழல்மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். அதுவே அசல் வடக்கு-தெற்கு; இரும்புக் கம்பிகள் நிறைந்த தளத்தில் தடுமாறும் திசைகாட்டியைவிட நம்பகமானது.

படம் பார்க்கக் கைப்பேசி போதும் என்ற காலத்தில் இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். மாதக் கட்டணமில்லாத ஒளிபரப்பு இன்றும் வானிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இணையம் இல்லாத வீட்டுக்கும் அது வருகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அட்சரேகை என்பது பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்த சொல்லாகவே நம்மில் பலரிடம் நின்றுவிட்டது. தன் கையால் ஒரு டிஷ்ஷை அமைத்தவருக்கு அது திருகைத் திருப்பிச் சரிபார்த்த ஓர் அளவு. வீட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் தூக்குக்குண்டை அவர்கள் கையில் கொடுத்து, கோணங்களையும் அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.