கப்பற்படையும் கள்ளக் கணக்கும்

ஒரு தேசத்தின் படையைக் கெடுக்கப் பகைவனின் பீரங்கிதான் வேண்டுமென்பதில்லை. பொய்க் கணக்கெழுதும் பேனா ஒன்றே போதும். இதற்கு அமெரிக்கக் கப்பற்படையில் நடந்த பெரிய லஞ்ச வழக்கே அத்தாட்சியாகும்.

லியனார்ட் பிரான்சிஸ் என்பவர் மலேசிய வியாபாரி. ஆசியத் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்க யுத்தக் கப்பல்களுக்கு உணவு, தண்ணீர், எண்ணெய் முதலியன கொடுக்கும் காண்ட்ராக்டைச் சிங்கப்பூரிலிருந்த அவரது கம்பெனி பல்லாண்டுகள் அனுபவித்து வந்தது. அதிகாரிகளுக்கு ரொக்கம், விருந்து, உல்லாச ஹோட்டல், பெண்கள் என்று அவர் வாரி இறைத்தார். அதற்குக் கைம்மாறாக அதிகாரிகள் கப்பல்களின் ரகசியப் பயணக் குறிப்புகளைக் கொடுத்தனர். அவருக்கு ஆதாயமுள்ள துறைமுகங்களுக்கே கப்பல்களைத் திருப்பினர். பில் தொகையோ மலைபோல் வளர்ந்தது. நஷ்டம் யாருக்கு? வரி கொடுத்த ஜனங்களுக்கே!

புகார்கள் எழாமலில்லை. ஆனால் கப்பற்படையின் துப்பறியும் இலாகாவைச் சேர்ந்த ஜான் பெலிவோ என்ற அதிகாரியே விலைபோயிருந்தார். விசாரணைக் குறிப்புகள் இலாகாவின் கம்ப்யூட்டரிலிருந்து பிரான்சிஸின் கைக்கு உடனுக்குடன் போய்ச் சேர்ந்தன. வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது? இதைக் கண்டுகொண்ட மற்ற அதிகாரிகள், வழக்கு முடிந்துவிட்டதென்று ஒரு பொய்க் குறிப்பை அதே கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தனர். அதை நம்பி அமெரிக்கா வந்த பிரான்சிஸ், 2013 செப்டம்பரில் ஸான் டியாகோவில் கைதியானார். 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெலிவோவுக்கு 2016-இல் 12 ஆண்டுச் சிறை கிடைத்தது. 2017-இல் ராபர்ட் கில்போ என்ற அட்மிரலே 18 மாதச் சிறைவாசம் பெற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2022-இல் வீட்டுக் காவலிலிருந்து தப்பியோடிய பிரான்சிஸ் வெனிஸுவேலாவில் பிடிபட்டு, 2023 இறுதியில் திருப்பி அனுப்பப்பட்டார். 2024 நவம்பரில் 15 ஆண்டுத் தண்டனை பெற்றார். ஆனால் 2022-இல் ஜூரிகள் குற்றவாளிகளெனத் தீர்த்த நான்கு மாஜி அதிகாரிகளின் தீர்ப்பு, சர்க்கார் வக்கீல்களின் முறைகேட்டினால் மறு ஆண்டே ரத்தாயிற்று. அந்நால்வரும் சிறு குற்றமொன்றை ஒப்புக்கொண்டு, தலைக்கு 100 டாலர் அபராதத்துடன் வீடு திரும்பினர். குற்றவாளியைப் பிடிக்கப் புறப்பட்டவன் தானே சட்டத்தை மீறினால், அதன் பலன் குற்றவாளிக்கே சேருமென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

படையின் கணக்கைக் கிளறினால் வீரர்களின் மனம் தளருமென்று கூறுவோருண்டு. நாம் அதை ஏற்கோம். வீரனின் மனம் தளர்வது, தன் தலைவன் விலைபோனதை அறியும்பொழுதுதான். ரகசியம் பகைவனுக்கு எதிரான கவசம். தணிக்கைக்காரனுக்கு எதிரான கதவன்று. படையைத் துப்பறிவோர் படைத் தலைவர்களின் தயவை எதிர்பாராதவராயிருத்தல் வேண்டும். அவர்களையும் கண்காணிக்க வேறு கண்கள் வேண்டும். எந்தத் தேசமாயினும், தன் படையை நேசிக்கும் ஜனங்கள் முதலில் கேட்க வேண்டியது அதன் கணக்கையே என்பது நமது திடமான அபிப்பிராயம்.