வெட்டிய படத்தில் ஒட்டியிருக்கும் வால்

அடையாள அட்டையைப் படமெடுத்து, எண் உள்ள பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

கூகுளின் பிக்சல் கைப்பேசியில் இருந்த படத்திருத்தக் கருவி, வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது; மிஞ்சிய வாலை அழிக்கவில்லை. அதைக்கொண்டு, வெட்டிய பகுதியைப் பெரும்பாலும் மீட்க முடிந்தது. விண்டோஸ் 11இல் திரையைப் படம்பிடிக்கும் கருவியிலும் இதே குறை. இரண்டையும் அம்மாதமே சரிசெய்தார்கள். முன்பே அனுப்பிய படங்களில் வால் இன்னும் இருக்கலாம்.

மைக்ரோசாப்ட் வேர்டில் வெட்டினால் அப்பகுதி மறைகிறதே தவிர, முழுப்படமும் கோப்பினுள்ளேயே இருக்கும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ பகுதிக்குச் சென்று, வெட்டியதை நீக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். எண்ணைத் துண்டுத்தாளால் மூடிவிட்டுப் படமெடுப்பது அதைவிடச் சுலபம்.