மாத்திரைக்கு அடங்காத காசநோய்க் கிருமி... இரண்டே மணி நேரத்தில் சிக்குவது எப்படி?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு இருமல் நிற்பதில்லை. மருந்துக்கு அடங்காதபடி மரபணு மாறிய கிருமி காரணமாக இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் இரண்டு கிருமிகளும் ஒன்றுபோலவே தெரியும். ஆய்வகத்தில் வளர்த்து, மருந்து கொடுத்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றிவிடலாம்.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த 'சிபிநாட்' பரிசோதனை இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. கிருமியின் 'ஆர்பிஓபி' மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட சிறு பகுதியை இந்தக் கருவி சோதிக்கிறது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 95 சதவிகிதத்துக்கு மாற்றம் இருப்பது இங்கேதான். சளி மாதிரியை உள்ளே வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துவிடுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடங்காத கிருமி பெருகுவது அப்போதுதான்!