மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு காது

“வீட்டில் நான்கு போன், ஒரு டிவி. எல்லாவற்றிலும் நெட் ஒழுங்காக ஓடுகிறது. என் லேப்டாப்பில் மட்டும் நின்று நின்று வருகிறது. வைஃபை கோடுகள் முழுசாகத்தான் தெரிகின்றன. எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். அதிவேக பிளானுக்கும் மாறாதீர்கள். குழாயில் அடைப்பு இருக்க, மொட்டை மாடியில் பெரிய தொட்டி கட்டிப் பயனில்லை. நெட்டை “பூஸ்ட்” செய்யும் மென்பொருள்களைப் பற்றி நான் வாய் திறந்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த லேப்டாப்பில் வேறு என்ன செருகியிருக்கிறது?

பட்டதால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் புகைப்படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவது என் வழக்கம். அந்த நேரம் பார்த்து நெட் படுத்துவிடும். ஒரு நாள், எட்டடி தள்ளியிருக்கும் ரவுட்டருக்கே ‘பிங்’ அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில், நகலெடுப்பு தொடங்கியதும் 300 ஆனது, 700 ஆனது, பிறகு வரவே இல்லை. ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கினேன். மறுபடி மூன்று.

கணக்கைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கை இணைக்கும் யுஎஸ்பி 3.0 கம்பியில் விநாடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறி மாறி வந்தால் இரண்டு பிட்டுக்கு ஓர் அலை. அதாவது விநாடிக்கு 250 கோடி அலை, 2.5 கிகாஹெர்ட்ஸ். வைஃபையின் பழைய அலைவரிசை 2.4-இல் தொடங்கி 2.48-ஐத் தாண்டி முடிகிறது. பக்கத்து வீடு கூட இல்லை, ஒரே திண்ணை!

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். ஒரே அலைவரிசையில் கூர்மையாகக் கத்தினால் தொல்லை என்பதால், பிட்டுகளை அனுப்புமுன் வேண்டுமென்றே கலைத்துவிடுகிறார்கள். தேங்காய்த் துண்டு ஒரே இடத்தில் கட்டியாக நிற்காமல் அரைத்துப் பரப்புவதைப் போல. கட்டி கரைந்தது, ஆனால் ஜாடி முழுக்கச் சட்னி: கீழிருந்து கிட்டத்தட்ட 5 கிகாஹெர்ட்ஸ் வரை எங்கும் இரைச்சல். வடிகட்டி எடுக்கவும் வழியில்லை. நடுவில் இருக்கும் 2.4-ஐ வடித்தால் தகவலும் சேர்ந்து போய்விடும்.

அரைக்கிற மிக்ஸியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செருகியிலும் கேபிளிலும் உலோகக் கவசம் மட்டமானதாக இருந்தால் அதுதான் நடக்கிறது. ரவுட்டர் அனுப்பும் சக்தியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு லேப்டாப்பை எட்டினாலே அது நல்ல சிக்னல். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்க வேண்டிய காது மிக்ஸிக்குச் சில அங்குலத்தில் இருக்கிறது. ஹாலில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கிறது, அடுக்களையில் நிற்பவர் மட்டும் “என்ன? என்ன?” என்கிறார். ரவுட்டர் திரும்பத் திரும்பச் சொல்கிறது, பிறகு வேகத்தைக் குறைத்து நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது. கோடுகளோ முழுசாகவே நிற்கும். அவை காட்டுவது ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதை. மிக்ஸி ஓடுவது அவற்றுக்குத் தெரியாது. உவமையை இதற்குமேல் அரைத்தால் மோட்டார் புகையும்.

வரலாறு இல்லாமல் கட்டுரை அச்சேறாது என்பதால்: யுஎஸ்பி 3.0 விதிமுறை வெளியானது 2008-இல். இந்தத் தொல்லையை அளந்து, ஹார்ட் டிஸ்க் இணைத்தால் இரைச்சல் 20 டெசிபல் வரை, அதாவது நூறு மடங்கு, ஏறலாம் என்று இன்டெல் எழுதியது 2012-இல். போதும்.

அழகான ஒன்று மிச்சம் இருக்கிறது. சரியாக 5 கிகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சல் பூஜ்யமாகிவிடும். அங்கே ஒரு பிட்டின் நேரத்துக்குள் ஒரு முழு அலை முடிந்துவிடுகிறது. மேடும் பள்ளமும் கழிந்து ஒன்றும் மிஞ்சுவதில்லை. ரவுட்டரில் ‘5ஜி’ என்று முடியும் இன்னொரு பெயர் தெரிந்தால், அது போன் கம்பெனியின் 5ஜி அல்ல, இந்த 5 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டி இயங்கும் வைஃபைதான். அதில் சேர்ந்து பாருங்கள். சுவர் குறுக்கே இருந்தால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இல்லையென்றால் ஹார்ட் டிஸ்கை மறுபக்கத் துளையில் செருகுங்கள், அல்லது கவசம் நன்றாக உள்ள ஒரு மீட்டர் கேபிளில் தள்ளி வையுங்கள். ஒன்றுமே செருகவில்லை, ஆனாலும் நிற்கிறது என்றால் லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் வைஃபை டிரைவர் மீதும், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று வைஃபை அடாப்டரைத் தூங்கவைக்கும் செட்டிங் மீதும் போக வேண்டும்.

என் ஹார்ட் டிஸ்க் இப்போது புத்தக அலமாரியில், கேபிளின் கடைசியில் கிடக்கிறது. கம்பியில்லா மவுஸ் அவ்வப்போது தத்தித் தத்திப் போனதும் நின்றுவிட்டது. அதுவும் 2.4-தான். நானோ பேட்டரியைக் குறை சொல்லி, மாற்றிக்கொண்டே இருந்தேன்.